வாகைக்குள் இரண்டு ஆணிகள்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை பின்வாசல் கதவைத் திறந்தேன். பாதிதான் திறந்தது. அதற்கு மேல் நகரவிடாமல் வெளியே இலைகள் அழுத்திக்கொண்டிருந்தன. இடுக்கு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். எங்கள் வாகை மரம் வேரோடு விழுந்து கிடந்தது.

கீழ்க்கட்டளையில் நாங்கள் மனை வாங்கிய நாளிலேயே அந்த மரம் அங்கே இருந்தது. மரத்துக்காக வீட்டின் வரைபடத்தை இரண்டடி தள்ளிப் போட்டோம். அப்படி இருபத்தேழு வருடம் எங்களோடு நின்ற மரம். விழுந்தபோது நாங்கள் படுத்திருந்த இடத்துக்கும் அதற்கும் இடையே ஒரு சுவரும் பதினைந்தடி மண்ணும்தான். ஆனால் விழுந்த சத்தம் கேட்கவில்லை. காற்றின் இரைச்சலில் அவ்வளவு பெரிய உயிர் சத்தமில்லாமல் சாய்ந்திருக்கிறது என்பதை நினைத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காம்பவுண்டுச் சுவர் பத்தடிக்கு நொறுங்கியிருந்தது. துவைக்கிற கல் இரண்டாகியிருந்தது. மனிதர் யார் மேலும் ஒரு கீறல் இல்லை.

பின்தெருவை அடைத்த கிளைகளை மாநகராட்சி ஆட்கள் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். வேர்ப்பக்கத்தையும் அவர்களிடமே சொல்லி மெஷின் வாளால் துண்டித்துக்கொண்டோம். மிஞ்சியது அடிமரம் மட்டும். அது அசைக்க முடியாமல் கிடந்தது.

இரண்டாம் நாள் விறகுக்கு மரம் எடுப்பவர் ஒருவர் வந்தார். மரத்தைச் சுற்றிக்கூட வரவில்லை. கேட் பக்கத்தில் நின்றபடியே, "நீங்க ஒண்ணும் தர வேணாம் சார். நானே துண்டு போட்டு எடுத்துக்கினு போயிடுறேன். மேல ஒரு ரெண்டாயிரம் தரேன்" என்றார்.

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்புறப்படுத்தவே எவ்வளவு கேட்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தவர் அவர்.

"அளக்காம எப்படிக் குடுக்கிறது?" என்றேன் நான்.

முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அளக்காத ஒன்றுக்கு விலை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விறகுக்காரரை அனுப்பிவிட்டு, தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு டேப் போதவில்லை, இரண்டைச் சேர்த்து ஊசி குத்தினேன். நடுவில் சுற்றளவு ஏழடி. வேர்ப்பக்க வெட்டிலிருந்து கவை பிரிகிற இடம் வரை நீளம் பன்னிரண்டடி. மரத்தை உருளை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் நாற்பத்தாறே முக்கால் கன அடி வந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கணவரிடம் காட்டினேன்.

"சரி, இதுக்கு என்ன விலை?" என்றார் அவர்.

அது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சமையலறை அலமாரிகளைச் செய்து கொடுத்த தச்சருக்கு போன் செய்தேன். "வாகையாம்மா? விறகுக்குத் தூக்கிக் குடுத்துடாதீங்க. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மரம் அறுக்கிற சா மில் ஒண்ணு இருக்கு. டீச்சர் வீடுன்னு சொல்லி, அங்கேருந்து கட்டை பார்க்கிற ஆளை அனுப்பச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி இறங்கினார். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. சீட்டைத் தூக்கி, ஒரு சுருள் கயிறும் கைக்கோடாலியும் எடுத்தார். மில்லில் கணக்குப் பார்ப்பவராக இருக்கும், மரம் பார்க்கிறவர் பின்னால் வருகிறார் போல என்று நினைத்து, "அவர் எப்ப வருவார்?" என்று கேட்டேன்.

"எவரு?"

"மரம் பார்க்கிறவர்."

"நான்தான் டீச்சர்" என்றார். கேட்டுப் பழகிய கேள்வி போலிருக்கிறது. சிரிக்கக்கூட இல்லை.

அவர் உடனே அளக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. கவை பக்கம் போய் நின்று, கோடாலியின் பின்புறத்தால் தட்டினார். ஒரு சாண் நகர்ந்து மறுபடி தட்டினார். இப்படியே அடிவரைக்கும். நானும் கூடவே நடந்தேன். முதல் இரண்டடி வரைக்கும் சத்தம் 'தொப் தொப்' என்று வந்தது. அதற்குப் பிறகு ஒரு தட்டில் சட்டென்று மாறியது. 'டண்' என்றது. அடுத்த தட்டும் அப்படியே. என் காதுக்கே அது கேட்டது.

"கேட்டீங்களா? கவையில மழத்தண்ணி நின்னு நின்னு எறங்கிக்கீது. ரெண்டடி போச்சு. அதுக்குக் கீழ கல்லு மாதிரி கீது."

வெளியிலிருந்து பார்த்தால் அந்த இரண்டடிக்கும் மற்ற பத்தடிக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே பட்டை, ஒரே நிறம். கூட்டி, பெருக்கி, வகுத்து எடுத்த என் நாற்பத்தாறே முக்காலில் அந்த இரண்டடி நல்ல மரமாகத்தான் இருந்தது.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே தன்னைப் பற்றிச் சொன்னார். பிறந்தது கோவளத்தில். விவரம் தெரிந்த நாளிலிருந்து கரையில் மீன் ஏலத்தில் அம்மாவோடு நின்றிருக்கிறார். படகு வந்ததும் மணலில் கொட்டுவார்கள். குவியலைத் தொடக்கூடாது. கண்ணால் பார்த்து, இதில் எத்தனை கிலோ, எத்தனை நல்லது, அடியில் எத்தனை நசுங்கியது என்று கணித்து விலை கேட்க வேண்டும். "தப்பா கேட்டா அன்னிக்குப் பூரா பேஜாரு" என்றார். பிறகு சா மில்லில் வாள் ஓட்டுபவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார். மில்லில் மரத்தூள் கூட்டுகிற வேலை. ஒருநாள் முதலாளி வாங்கிய ஒரு கட்டையைப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"கேக்கல அவரு. கூட்டுற பொம்பளைக்கு இன்னா தெரியும்னு அறுத்தாரு. உள்ள பூரா பொடி. அன்னிலருந்து நான் பாக்காத கட்டைய வாங்குறதில்ல."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றை எடுத்தார். ஒரு கம்பியின் நுனியில் கோத்து மரத்துக்கு அடியில் விட்டு மறுபக்கம் இழுத்தார். மரத்தின் இடுப்பைச் சுற்றிக் கயிறு முட்டுகிற இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். கயிற்றை எடுத்து இரண்டாக மடித்தார். அதை இன்னொரு முறை மடித்தார். நான்காக மடிந்த கயிற்றை டேப்பில் வைத்துப் பார்த்தார்.

"இருவத்தோரு இன்ச்சு. இருவத்தொண்ண இருவத்தொண்ணால பெருக்கு, நீளம் பன்னெண்டால பெருக்கு, நூத்தி நாப்பத்தி நாலால வகுத்தா முப்பத்தாறே முக்கா. ரெண்டடி கழிச்சா முப்பதரை."

தாள் இல்லை, பேனா இல்லை. என்னால்கூட அந்த வேகத்தில் போட முடியாது. ஆனால் நான் ஆச்சரியப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. காலண்டர் தாளை எடுத்து வந்தேன்.

"ரெண்டடி கழிக்கிறது சரி. நீங்க தட்டிக் காட்டினீங்க, நானும் கேட்டேன். ஆனா முழு மரத்துக்கும் முப்பத்தாறே முக்கால்னு சொல்றீங்களே, அது எப்படி? நாற்பத்தாறே முக்கால் வரணும். முழுசா பத்து கன அடி எங்கே போச்சு?"

அவர் தாளைப் பார்த்தார். "நாங்க கயித்த மடிச்சுதான் போடுவோம் டீச்சர். எல்லா மில்லுலயும் இதான்."

"எல்லாரும் செய்றதால சரின்னு ஆயிடுமா? வட்டத்தோட பரப்பைச் சதுரமா கணக்குப் பண்றீங்க. விக்கிறவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு போயிடுது. கணக்கு தெரியாதவங்கன்னா தெரியாமலே போயிடும்."

என் கணவர், "விடேன்" என்று முணுமுணுத்தார்.

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. "அந்தப் பத்த நான் திங்கல டீச்சர். அறுக்கறப்போ வந்து பாருங்க. அது எங்க போவுதுன்னு நானே காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, அடிப்பக்க வெட்டைப் பார்க்கப் போனார்.

மெஷின் வாள் பட்ட அந்த முகம் வட்டமாக, ஈரமாக இருந்தது. விளிம்பைச் சுற்றி வெளுப்பு, உள்ளே பழுப்பு. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எச்சில் தொட்டு ஓர் இடத்தைத் தேய்த்தார். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தைத் தேய்த்தார். எழுந்து வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"சார், டீச்சர், ரெண்டு பேரும் இங்க வாங்க. இது தெரியுதா?"

பட்டையிலிருந்து ஒரு சாண் உள்ளே, பழுப்பின் நடுவில் மை சிந்தியது போல இரண்டு கறைகள். நீலமும் கறுப்பும் கலந்த நிறம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்.

"இது மரத்தோட கலரு இல்ல. மேல எங்கியோ இரும்பு கீது. மரத்தோட சாறு இரும்ப தொட்டா இப்டி கறுத்துக்கினு நரம்போட கீழ எறங்கும். ரெண்டு கறைன்னா ரெண்டு இரும்பு. யாரு அடிச்சீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொடி கட்ட அடித்த ஆணி பட்டையிலேயே துருத்திக்கொண்டிருந்தது. கேபிள்காரர் அடித்த ஒன்றும் வெளியே தெரிந்தது. மகளுக்கு ஊஞ்சல் கட்டிய கொக்கிகள் கிளையோடு போய்விட்டன. அதையெல்லாம் சொன்னோம்.

"வெளிய தெரியறது கணக்கு இல்ல. மரம் முழுங்குனது இன்னா?"

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. நாங்க அடிக்கல" என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

அவர் மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "வூட்டு மரம்னாலே மில்லுல பயப்படுவாங்க. காட்டு மரத்துல இரும்பு இருக்காது. வூட்டு மரத்துல கொடி கட்டுவாங்க, போர்டு மாட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. மூணு வருசம் முன்ன ஒரு வேப்பங்கட்டையில ஆணி. வாளு அறுந்து சுத்திச்சு. எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு வெரல் போச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஆணி இருந்தா மரம் வேணாம்னு சொல்ல மாட்டேன். அது எங்க கீதுன்னு தெரியணும். உங்க மரம் நல்ல மரம். யோசிச்சு சொல்லுங்க."

விலையைச் சொன்னார். விறகுக்காரர் சொன்னதை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. இரும்பு எங்கே என்று தெரிந்தால்தான் அந்த விலை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

அன்று மத்தியானம் ஜன்னல் கம்பிக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே புதுக் கொடி கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பெட்ஷீட்டைப் போட வலது கையை முழுக்க உயர்த்தினேன். உயர்த்திய கை அப்படியே நின்றது. இந்த இடத்தில், இதே உயரத்துக்கு, தினமும் சாயங்காலம் நான் கை உயர்த்திய காலம் ஒன்று இருந்தது.

கரும்பலகை.

வீடு கட்டின புதிதில் ஒரே அறைதான். வீட்டுக் கடனுக்கு என் சம்பளம் போதாமல் டியூஷன் எடுத்தேன். பிள்ளைகளை உட்கார வைக்க உள்ளே இடம் கிடையாது. மரத்தடியில் பாய் விரித்து, மரத்தில் கரும்பலகையை மாட்டி இரண்டு வருடம் பாடம் நடத்தினேன். பலகையைத் தாங்க, விரல் தடிமனில் அரையடி நீளத்துக்கு ஓர் இரும்பு முளையைக் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கியவள் நானே. என் கணவர் ஸ்டூலில் நின்று அதைப் பாதிவரை அடித்தார். 'இன்னும் கொஞ்சம், கயிறு நழுவப்போகுது' என்று கீழே நின்று சொன்னவளும் நானேதான். மாடியில் அறை கட்டியதும் பலகை உள்ளே போனது. முளை அங்கேயே நின்றது. அப்புறம் அது எப்போது கண்ணிலிருந்து மறைந்தது என்று தெரியவில்லை. வருடா வருடம் மரம் பருத்துக்கொண்டே வந்து, ஒருநாள் பட்டை மூடியிருக்கிறது. அதே கொல்லைப்புறத்தில் தினமும் நடந்துகொண்டிருந்த நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே நின்றேன். காலையில் அந்தப் பெண்மணியைப் பத்து கன அடி திருடியதாகச் சொல்லாமல் சொன்னேன். அவருடைய கணவர் நிற்கிற வாளுக்கு நேராக அரையடி இரும்பை அனுப்பப் பார்த்தவள் நான். உடனே அவருக்கு போன் செய்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். "நல்ல வேள சொன்னீங்க" என்றார். "எம்மாம் உயரத்துல அடிச்சீங்க?"

"அப்ப ஆறடி உயரம். நான் கை தூக்கினா எட்டும். ஆனா இருபத்தஞ்சு வருஷத்துல மரம் எவ்வளவோ வளர்ந்திருக்குமே, இப்ப அது மேலே எங்கே போயிருக்கோ..."

"ஏறாது டீச்சர். மரம் தலையிலதான் உயரும். ஒடம்பு பருக்கும், அவ்ளோதான். ஆறடியில அடிச்சா எப்பவும் ஆறடியிலயேதான் இருக்கும். மண்ணு ஒட்டிக்கினு இருந்த கோடு தெரியும் பாருங்க, அங்கேருந்து அளந்து சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைங்க."

பள்ளிக்கூடத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். இந்த எளிய விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்டிலிருந்து ஓரடி மேலே மண்கோடு தெரிந்தது. அங்கேயிருந்து ஆறடி மேலே போய்ப் பட்டையைத் தடவினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு விரல் ஒரு குழியில் இறங்கியது. தொப்புள் போலச் சின்னக் குழி. சாக்பீஸால் வட்டம் போட்டபோது கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் லாரியும் கிரேனும் வந்து மரத்தை எடுத்துக்கொண்டு போயின. அதற்கு இரண்டு நாள் கழித்து நானும் என் கணவரும் மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம். தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கிற சாலையில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அந்த மில். வெளியே கட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. எங்கள் வாகை தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுவண்டி மேல் ஏற்றப்பட்டு, உள்ளே காத்திருந்தது. வாளைப் பார்த்ததும் என் கணவர் ஓரடி பின்வாங்கினார். தரையிலிருந்து கூரை வரைக்கும், ரிப்பன் போல இரண்டு பெரிய சக்கரங்களில் மாட்டிய இரும்புப் பட்டை.

வாள் ஓட்டுபவர் வந்து வணக்கம் சொன்னார். மெலிந்த மனிதர். கை கூப்பியபோது இடது கையில் இரண்டு விரல்கள் பாதியில் நின்றன. "மன்னிச்சுக்கோங்க, மறந்துட்டேன்" என்றேன்.

"அதான் சொல்லிட்டீங்களே" என்றார்.

அவரே உளியும் சுத்தியலும் எடுத்து, சாக்பீஸ் வட்டத்தில் வெட்ட ஆரம்பித்தார். ஓர் அங்குலம், இரண்டு, மூன்று. வெளுத்த மரம் போய்ப் பழுப்பு வந்தது. நான்காவது அங்குலத்தில் நிறம் கறுக்கத் தொடங்கியது. ஐந்தாவதில் உளி 'ணங்' என்றது. சுற்றிலும் தோண்டி, குறடால் பிடித்து இழுத்தபோது முளை முனகிக்கொண்டே வந்தது. துரு பிடித்துத் தேய்ந்திருந்தாலும் கொல்லர் அடித்த தட்டையான தலை அப்படியே இருந்தது.

"ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு எங்க?" என்றார் அந்தப் பெண்மணி.

"ஒண்ணுதாம்மா அடிச்சோம்."

"ரெண்டு கறை கீது டீச்சர். மரம் பொய் சொல்லாது."

வாள் ஓட்டுபவர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டார். அவசரம் காட்டவில்லை. அவர் மனைவி வெட்டு முகத்துக்குப் போனார். இரண்டாவது கறையில் விரலை வைத்து, அங்கேயிருந்து நரம்பு போகிற போக்கிலேயே பட்டை மேல் மெல்ல நடந்து வந்தார். ஐந்தடி வந்ததும் விரல் நின்றது. நாலைந்து தட்டு தட்டினார். "இங்க பாருய்யா" என்றார் கணவரிடம்.

அங்கே குழிகூட இல்லை. பட்டை வழுவழுவென்று இருந்தது. ஆனால் தோண்டியபோது ஏழாவது அங்குலத்தில் மறுபடி அந்தச் சத்தம். வந்தது ஒரு சாதாரண ஆணி. என் சுண்டுவிரல் நீளம். என் கணவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"டஸ்டர் பை. நீ டஸ்டரும் சாக்பீஸும் ஒரு மஞ்சப் பையில போட்டு மாட்டுவியே."

ஆமாம். மாட்டுவேன். பலகைக்குக் கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில். இருவருமே அடியோடு மறந்துபோனதை, மரத்துக்கு வெளியே நின்று ஒரு பெண்மணி எண்ணிச் சொல்லியிருந்தார்.

பிறகு வாள் ஓடியது. கொட்டகை முழுக்க அந்த ஓசைதான். தள்ளுவண்டி நகர, மரத்தின் ஒரு பக்கம் பட்டையோடு கழன்று விழுந்தது. உள்ளே தெரிந்த நிறத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அடர்ந்த பழுப்பு, அதில் கறுப்புக் கோடுகள் அலை அலையாகப் போயின. நடுநடுவே பொன்னிறம். நாங்கள் தினமும் துணி உலர்த்தி, சாய்ந்து நின்று, காய் நறுக்கிய இடத்துக்குள் அவ்வளவு காலமும் இது இருந்திருக்கிறது. பார்க்க ஒருவரும் இல்லாமலேயே வருடம் ஒரு கோடாக அது தன்னை வரைந்துகொண்டிருந்திருக்கிறது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அப்படிச் செய்கிறவர் அல்ல அவர்.

கூடவே தும்மல் வந்தது. வாகைத் தூள் அப்படித்தானாம். நாங்கள் தும்மத் தும்ம, மில்லில் எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு பக்கமும் கழிந்து மரம் சதுரமாக நின்றபோது, அந்தப் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் பட்டையோடு கிடந்த ஓரத் துண்டுகளின் குவியல். வாளுக்குக் கீழே ஈரமான மரத்தூள் ஒரு மேடு.

"உங்க பத்து கன அடி இங்க கீது டீச்சர்."

நான் குவியலைப் பார்த்தேன். வண்டியில் நின்ற சதுரத்தைப் பார்த்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டேன். ஒரே நீளக் கயிற்றை வட்டமாக வைத்தால் அடைபடும் இடத்தைவிடச் சதுரமாக வைத்தால் அடைபடுவது குறைவு. நூற்றுக்கு எழுபத்தெட்டரை. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சையில் இரண்டு மார்க். உருண்டையாக வருகிற மரத்தைப் பலகையாக்கும்போது ஓரத்துக்கும் தூளுக்கும் ஏறக்குறைய எவ்வளவு போகுமோ, அதை ஒரு கயிற்றின் இரண்டு மடிப்பிலேயே கழித்து வைத்திருக்கிறார்கள். யார் முதலில் மடித்தார்களோ தெரியவில்லை. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்று நான் நினைத்தவர்களின் கையில், என் பாடம் முழுக்கவும் இருந்தது.

"நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"கேட்டது நல்லதுதான். கேக்காதவங்கதான் ரெண்டாயிரத்துக்குக் குடுத்துட்டுப் போவாங்க" என்றார். பலகைகளை ஒவ்வொன்றாக விரலால் அளந்துகொண்டே வந்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான்தான் தப்பு பண்ணிட்டேன். நடுவுல கீற வைரம் பதினெட்டு இன்ச்சு இருக்கும்னு வெல போட்டேன். இருவதுக்கு மேல கீது."

"அப்போ விலை ஏறுமா?" என்று என் கணவர் கேட்டார். பாதி விளையாட்டு, பாதி ஆசை.

"பேசுனது பேசுனதுதான் சார். உள்ள பொந்தா இருந்தா உங்ககிட்ட திருப்பிக் கேட்டிருப்பேனா?"

பேசிய விலையை வாங்கிக்கொண்டோம்.

வாள் ஓட்டுபவர் கடைசிப் பலகையைக் கழற்றி எங்கள் முன்னால் நிறுத்தினார். "தொட்டுப் பாருங்கம்மா" என்றார். உள்ளங்கையை வைத்தேன். பலகை சூடாக இருந்தது. வாளின் சூடுதான் என்று தெரியும். இருந்தாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் இன்னொரு லாரி வந்து நின்றது. எங்கேயோ புயலில் விழுந்த வேப்பங்கட்டைகள். அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு லாரியின் மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

"ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்றார் என் கணவர்.

"ஒரு கட்டையை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றேன்.

ஓரமாகக் கிடந்த ஒரு தடியில் துண்டை விரித்து அவரும் உட்கார்ந்துகொண்டார். மூன்று ரயில்கள் போன பிறகுதான் கிளம்பினோம்.